மேட்டில் மட்டும்

சமதரையில், காரின் டாஷ்போர்டில் பொருத்தியிருந்த காற்று-பெட்ரோல் மீட்டரின் எண் அசையவே இல்லை. புரோத்ராபூரைத் தாண்டி மேடு தொடங்கி, சிவபிரகாஷ் ஆக்சிலேட்டரை அழுத்திய பிறகுதான் அது ஏற ஆரம்பித்தது. எண் ஏறினால் எஞ்சினுக்குள் பெட்ரோல் குறைந்து காற்று மிஞ்சுகிறது என்று அர்த்தம். வண்டி ஒரு கணம் திணறி, குலுங்கி, மறுபடி இழுத்தது. மேடு முடிந்து காலைத் தளர்த்தியதும் எண் நல்ல பிள்ளையாகப் பழைய இடத்துக்கு வந்து நின்றுகொண்டது.

மனைவி சௌமியா போன பிறகு அவன் அந்தக் காரை வெளியே எடுத்தது அன்றைக்குத்தான்.

பழைய சின்னக் கார். எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை இழுத்துத் திணிக்கும் டர்போவை அதற்குப் பொருத்த வேண்டும் என்று சென்னையிலிருந்து ஒவ்வொரு சாமானாகக் கப்பலில் வரவழைத்து, கப்பல் தள்ளிப்போகும்போதெல்லாம் புலம்பி, ஜங்லிகாட் பட்டறையில் அவனே கழற்றி அவனே மாட்டியது. பெட்ரோல் அளவைச் சரிபார்க்க ஓட்டிப் பார்க்கும் நாட்களில் அவள்தான் பக்கத்து இருக்கையில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு எண்களைப் படிப்பாள். படிப்பதற்கு நடுவே இன்ஹேலரை உறிஞ்சிக்கொள்வாள். சின்ன வயதிலிருந்தே இளைப்பு. தீவின் ஈரக்காற்று அவளுக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. கடைசியில் ஒரு மழை நாளில் இன்ஹேலருக்கும் அடங்காமல் மூச்சு முட்டியபோது, அவளை அந்த இருக்கையில் சாய்த்து உட்கார வைத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் பறந்தான். இதே மேடு. கால் அடிவரை அழுத்தியிருந்தது. எஞ்சின் போட்ட சத்தத்தில் அவளுடைய மூச்சு எந்த இடத்தில் நின்றது என்பதுகூட அவனுக்குக் கேட்கவில்லை.

அவளுக்குக் கிடைக்காத காற்று இப்போது எஞ்சினுக்கு மிஞ்சுகிறது. அந்த நினைப்பு வந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டான்.

சுமை ஏறும்போது மட்டும் லீனாக, அதாவது காற்று மிஞ்சி, ஓடும் வண்டியில் முதலில் பெட்ரோலைத்தான் சந்தேகிக்க வேண்டும். டேங்கிலிருந்த பம்பை மாற்றினான். ஃபில்டரை மாற்றினான். இன்ஜெக்டர்களைக் கழற்றிக் கழுவினான். மேட்டில் எண் அப்படியேதான் ஏறியது. கடைசியில் பெட்ரோல் அழுத்தத்தைக் காட்டும் கேஜை நீள ஹோஸில் இணைத்து, முன்கண்ணாடிக்கு வெளியே வைப்பர் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டினான். பக்கத்துப் பட்டறை ஜெகநாதனைக் கூட்டிக்கொண்டான்.

"நீ ரோட்டப் பாரு பிரகாஷ். கேஜ நான் பாத்துக்கறேன்" என்று ஜெகநாதன் அந்த இருக்கையில் உட்கார்ந்தான். அவனுக்குப் பூர்வீகம் மதுரைப் பக்கம். ஆனாலும் பிறந்து வளர்ந்தது ஜங்லிகாட்டில் என்பதால் பேச்சில் பாதி இந்தி.

மேட்டில் கேஜின் முள் கல் மாதிரி நின்றது. பெட்ரோலில் குறையே இல்லை. உள்ளே மீட்டரில் எண் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

"கேஜ் எவ்ளோ காட்டுதுடா?"

கேட்டுக்கொண்டே சிவபிரகாஷ் திரும்பிப் பார்த்தான். ஜெகநாதன் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஒரு கை கண்ணாடியை இறக்கும் பொத்தானைத் தடவித் தேடியது. சிவபிரகாஷ் பதறிப்போய் பிரேக்கை மிதித்தான். வண்டி நின்றதுதான் தாமதம், ஜெகநாதன் கதவைத் திறந்துகொண்டு ரோட்டோரப் புல்லில் விழுந்தான்.

"க்யா ஹுவாடா? ஹார்ட்டா?"

"ஹார்ட் இல்ல." இருமி இருமித்தான் பேச முடிந்தது. "மூச்சு... உள்ள போகவே இல்லடா. யாரோ என் வாயிலேர்ந்து உறிஞ்சற மாதிரி இருந்திச்சு."

"புழுக்கம்."

"புழுக்கமா?" ஜெகநாதன் எழுந்து நின்றான். காரைப் பார்க்காமல் பேசினான். "சௌமியா பாபி போனது இந்த சீட்லதானே? சோட் தே யார். இதுக்கு ரிப்பேர் கிடையாது. இத விட்ரு."

அவன் திரும்பக் காரில் ஏறவில்லை. பாத்து பஸ்தியிலிருந்து வந்த ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்திப் போய்விட்டான்.

விட்டுவிட சிவபிரகாஷால் முடியவில்லை. பெட்ரோல் சரியென்றால் கணக்கில் வராத காற்று எங்கிருந்தோ உள்ளே நுழைகிறது. ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவிலுள்ள குழாயில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருந்தால், சாதாரணமாக அது வாயை மூடிக்கொண்டிருக்கும். மேட்டில் டர்போ பலமாக இழுக்கும்போது மட்டும் வெளிக்காற்றை உறிஞ்சும். அதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. குழாய்க்குள் புகையைச் செலுத்தினால் ஓட்டை இருக்கும் இடத்தில் புகை கசியும்.

தீவில் ஐந்து மணிக்கே வெளிச்சம் வடிந்துவிடும். பட்டறையின் தகரக் கூரைமேல் மழை ஒரே சீராகக் கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மீன் மார்க்கெட்டைக் கழுவிவிட்ட நீரின் வாடையும், பழைய ஆயிலின் வாடையும், சூடேறிய புகைக் கருவியின் இனிப்பான கருகல் வாடையும் ஒன்றாகக் கலந்து தொண்டையில் படிந்தன. அவன் குழாயின் வாயை அடைத்துப் புகையை உள்ளே விட்டான். டார்ச்சைப் பிடித்தபடி பானெட்டுக்குள் ஒவ்வொரு இணைப்பாக, ஒவ்வொரு கிளாம்ப்பாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தான்.

எங்கும் கசிவு இல்லை. கருவி மட்டும் புகையைத் தள்ளிக்கொண்டே இருந்தது. இவ்வளவு புகையும் எங்கே போகிறது?

நிமிர்ந்தான். முன்கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தான்.

பக்கத்து இருக்கைக்கு மேலே, ஒருவர் உட்கார்ந்திருந்தால் வாய் எங்கே இருக்குமோ அந்த உயரத்தில், வெறும் அந்தரத்திலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

சீராக வரவில்லை. கொஞ்சம் வரும். தடுக்கும். இரண்டு சிறு இழுப்பாகத் திக்கி, பிறகு நீளமாக ஒன்று வரும். அதன் முடிவில் மெல்லிய விசில்.

அந்தத் தாளம் அவனுக்குத் தெரியும். எத்தனையோ இரவுகள் பக்கத்தில் படுத்து அதை எண்ணிக்கொண்டே விழித்திருக்கிறான்.

டார்ச் கையிலிருந்து நழுவி விழுந்து உருண்டது. ஓடத்தான் நினைத்தான். ஷட்டர்வரை ஓடினான். கதவருகே நின்று மழையைப் பார்த்தபடி அழுதான். பிறகு திரும்பி வந்து கருவியை அணைத்தான். உடனே மூச்சும் நின்றது. அது இரண்டாம் முறை நின்றதுதான் அவனால் தாங்க முடியாததாக இருந்தது.

குழாயை மாட்டி பானெட்டை மூடினான். பக்கத்து இருக்கையின் பெல்ட்டை இழுத்து, வெற்று இருக்கைக்குக் குறுக்காகப் போட்டுக் கொக்கியில் அழுத்தினான். அவன் விரல்கள் பட்ட காற்று ஜில்லென்று ஈரமாக இருந்தது.

புரோத்ராபூர் மேட்டில் வேறு வண்டி இல்லை. இரு பக்கமும் பாக்கு மரங்கள் மழையில் கறுத்து நின்றன. கண்ணாடிகளை முழுவதும் ஏற்றிவிட்டிருந்தான். ஆக்சிலேட்டரை அழுத்தினான். எண் ஏறியது.

வலது காதில் மழை. இடது காதில் அவள்.

இன்னும் அழுத்தினான். மூச்சு வலுத்தது. திக்கல் குறைந்தது. எஞ்சினுக்குள் கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல் ஒரு சத்தம் தொடங்கியது. அதன் அர்த்தம் அவனுக்குத் தெரியும். பெட்ரோல் போதாமல் உள்ளே சூடு எல்லை மீறுகிறது. இப்படியே போனால் பிஸ்டன் உருகிவிடும். பழக்கத்தில் கால் தானாகத் தளர்ந்தது.

மூச்சு நின்றது.

"இல்ல, இல்ல சௌமி... இரு. இரு கண்ணு."

அடிவரை மிதித்தான். வந்தது. விசில் போயிருந்தது. அவள் வாழ்நாளில் ஒருமுறைகூட இப்படி நெஞ்சு நிறைய மூச்சு விட்டதில்லை. அவனுக்குக் காது அடைத்தது. சிரித்தானோ அழுதானோ, வாயிலிருந்து சத்தம் வரவில்லை. கல் சத்தம் பெரிதாகியது. கருகும் நாற்றம். ஒரு பெரிய முறிவு. சக்கரங்கள் இறுகி, வண்டி சறுக்கி, உச்சிக்குச் சற்று முன்னால் குறுக்காக நின்றது.

எஞ்சின் செத்துவிட்டது. மீட்டர் அணைந்துவிட்டது.

மூச்சு நிற்கவில்லை.

இழுக்க எஞ்சின் இல்லை. இருந்தும் அது இழுத்தது. அவன் வாயைத் திறந்தான். உள்ளே எதுவும் வரவில்லை. இருந்ததும் போனது. நாக்கு வறண்டது. கண்களின் ஓரம் இருண்டது. கதவின் கைப்பிடி எட்டும் தூரத்தில்தான் இருந்தது. கை அதுவரை போனது. தொட்டது.

கையை எடுத்துவிட்டான்.

மெல்ல இடப்பக்கம் திரும்பினான். திறந்த வாயை மூடாமல், முகத்தை அந்த இருக்கையின் பக்கமாகச் சாய்த்துக் கொடுத்தான்.

அவன் சட்டை அசையவில்லை. வெற்று இருக்கைக்குக் குறுக்கே பெல்ட் மட்டும், நிதானமாக, ஆழமாக, ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.