தேவகனியின் எட்டாம் வாய்ப்பாடு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் ஆண்டு அது. சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மிஷன் பள்ளிக்கூடம். அங்கே பிள்ளைகளைப் பரீட்சை செய்ய இன்ஸ்பெக்டர் வரப்போவதாகக் கடிதம் வந்தது. அன்றிலிருந்து நேசமணி வாத்தியாருக்குச் சோறு இறங்கவில்லை. வாத்தியாரே இப்படி என்றால், மூன்றாம் வகுப்பு தேவகனியைப் பற்றிக் கேட்கவா வேண்டும்?

போன வருஷம் இதே இன்ஸ்பெக்டர் முன்னால் வாய் திறக்காமல் நின்று தோற்றுப் போனவள் அவள். இந்தத் தடவையும் தோற்றால் படிப்பை நிறுத்திவிடுவதாக அவள் அப்பா யேசுதாசன் சொல்லிவிட்டார். அவர் பனையேறுபவர். கருப்பட்டி காய்ச்ச வீட்டில் இன்னொரு ஆள் வேண்டியிருந்தது.

அதே வகுப்பில் படித்த அவளுடைய சினேகிதி ஜெயபாய்க்கு இதைப் பொறுக்க முடியவில்லை. பள்ளி விட்டதும் தினமும் எட்டாம் வாய்ப்பாட்டைச் சொல்லச் சொன்னாள். சொல்லச் சொன்னாலே தேவகனிக்குப் பயம் வந்துவிடும். மூவெட்டு வரை வந்து நின்றுவிடுவாள்.

சனிக்கிழமை ஜெயபாய் வீட்டில் இருவரும் நெல் குத்தினார்கள். ஒரே உரலில் இரண்டு பேர் மாறி மாறிக் குத்தும் குத்து. ஒருத்தியின் உலக்கை இறங்கும்போது மற்றவளுடையது மேலே போகும். ஒவ்வொரு குத்துக்கும் வாயிலிருந்து 'உஸ்' என்று மூச்சு வெளியே வரும். ஜெயபாய் பேச்சுவாக்கில் நாலெட்டு எவ்வளவு என்று கேட்டாள்.

"முப்பத்திரண்டு, உஸ். ஐயெட்டு நாற்பது, உஸ்" என்று தேவகனி பத்தெட்டு வரை போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவளுக்கே தெரிந்தது.

ஜெயபாய் உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டு யோசித்தாள்.

"ஏட்டி, நீ வாய்ப்பாட்ட மறக்கல்ல. பயந்து பேடிச்சா மூச்சு விட மறந்து போற. குத்தும்போ மூச்சப் பிடிச்சு வைக்க முடியாதுல்லா."

"அதுக்குப் பள்ளிக்கூடத்துக்கு உரலத் தூக்கிட்டுப் போகவா?"

ஜெயபாய் மறுபடி உலக்கையை எடுத்தாள்.

இன்ஸ்பெக்டர் வில்வண்டியில் வந்து இறங்கினார். அன்று எல்லாப் பிள்ளைகளின் நெற்றியிலும் தேங்காய் எண்ணெய் வழிந்தது. வாத்தியார் அவசரத்தில் கோட்டுப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

தேவகனியை அழைத்து எட்டாம் வாய்ப்பாடு கேட்டார் இன்ஸ்பெக்டர். அவள் மூவெட்டு இருபத்துநாலு வரை வந்தாள். அப்புறம் சத்தமே இல்லை. இன்ஸ்பெக்டரின் பென்சில் மெல்ல ரிஜிஸ்தரை நோக்கி இறங்கியது.

கேட்காமல் எழுந்தால் பிரம்படி நிச்சயம். ஆனாலும் ஜெயபாய் எழுந்தாள். நேரே போய் தேவகனிக்கு எதிரே நின்று, இல்லாத உலக்கையை இரண்டு கையாலும் தூக்கி, இல்லாத உரலில் இறக்கினாள்.

"உஸ்."

பழகிய உடம்பு சும்மா இருக்குமா? தேவகனியின் கைகள் தாமாகவே மேலே போயின.

"நாலெட்டு முப்பத்திரண்டு, உஸ். ஐயெட்டு நாற்பது, உஸ்."

வகுப்பே சிரித்தது. வாத்தியார் பிரம்பைத் தேடினார். இன்ஸ்பெக்டர் கை காட்டி அவரைத் தடுத்தார். பத்தெட்டு முடிந்ததும் இது என்ன கூத்து என்று கேட்டார்.

"அவளுக்கு எல்லாம் தெரியும் சாரே. பேடியில மூச்சு முட்டிப் போச்சு. மூச்ச விட்டா கணக்கும் வந்துரும்" என்றாள் ஜெயபாய்.

இன்ஸ்பெக்டர் அதை நம்பாமல் தேவகனியைப் பார்த்து, ஏழெட்டு எவ்வளவு என்று திடீரென்று கேட்டார். இந்தத் தடவை அவள் கையைத் தூக்கவில்லை. மூச்சை நன்றாக இழுத்து, மெல்ல விட்டாள்.

"ஐம்பத்தாறு சாரே."

ஒன்பதெட்டு கேட்டார். எழுபத்திரண்டு என்றாள். இன்ஸ்பெக்டர் ரிஜிஸ்தரில் 'தேறினாள்' என்று எழுதி, அதைச் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டு, அவளைப் போய் உட்காரச் சொன்னார்.

தேவகனி உட்காரவில்லை.

"நாலாம் வகுப்புப் பிள்ளைகள் படிக்கிற பதினாறாம் வாய்ப்பாடும் எனக்குத் தெரியும் சாரே. சொல்லட்டா?"