ஐந்து மணிக்குப் போனவள்

சமையலறைத் தரையில் இரண்டே இரண்டு இடங்கள் மட்டும் சூடாக இருந்தன. வேலையிலிருந்து வந்து, ஈரமான பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெறும் காலுறையோடு பாத்திரம் கழுவும் தொட்டியை நோக்கி நடந்தபோதுதான் நாகலக்ஷ்மி அதை உணர்ந்தாள். குனிந்து தொட்டுப் பார்த்தாள். சுற்றிலும் டைல்ஸ் சில்லிட்டுக் கிடக்க, யாரோ வெகுநேரம் அசையாமல் நின்றுவிட்டு அப்போதுதான் நகர்ந்ததுபோல, இரண்டு பாத அளவுக்குச் சூடு.

"கௌசி, நீ இங்க நின்னியா?"

"நோ" என்றாள் மகள் கௌசிகா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். பத்து வயது. நாலு மணிக்கு ஸ்கூல் பஸ்ஸில் வந்து, தானே கதவைத் திறந்துகொண்டு, அம்மா வரும்வரை தனியாக இருப்பாள். அப்பா மயில்சாமிக்கு டெக்ஸாஸில் ப்ராஜெக்ட். வெள்ளி இரவு வந்தால் ஞாயிறு கிளம்பிவிடுவான்.

தரைக்குக் கீழே ஹீட்டர் குழாய் ஓடுகிறது போலும் என்று தேற்றிக்கொண்டாள். மான்மவுத் ஜங்ஷனில் இந்த டவுன்ஹவுஸை வாங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

மறுநாள் வாசனை. புது அட்டைப்பெட்டியும் சூடான பசையும் கலந்து தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் அவள் வேலை பார்க்கும் வேர்ஹவுஸின் வாசனை. அவள் உள்ளே நுழையும்போதே வீடெங்கும் நிறைந்திருந்தது.

"எப்பலேர்ந்து இந்த நாத்தம்?"

"சின்ஸ் ஃபைவ், ஐ கெஸ்."

ஸ்வெட்டரைத் துவைத்தாள், ஜன்னல்களைத் திறந்தாள். போகவில்லை. ஒன்பது மணிக்கு, சுவிட்சைத் தட்டியதுபோல நின்றது.

ஐந்து. ஒன்பது.

அவள் வேலை பார்த்தது வெங்கடகிருஷ்ணன் என்பவரின் பேக்கிங் கம்பெனியில். மருந்து சாம்பிள்களைப் பெட்டியில் அடுக்கப் பன்னிரண்டு பெண்கள். அவர்களுக்குச் சம்பளம் போட இவள். வாரத்துக்கு நாற்பது மணி நேரம் தாண்டினால் ஒன்றரை மடங்கு கூலி தர வேண்டும் என்றது சட்டம். அதனால் வந்துபோகும் நேரம் பதியும் அட்டையில் யாருமே தாண்டவில்லை. ஐந்து ஆனதும் பன்னிரண்டு பேரின் அட்டைகளையும் நாகலக்ஷ்மியே டைம் கிளாக்கில் செருகி அடித்துவிட்டுக் கிளம்புவாள். அவர்கள் ஒன்பது வரை நின்று பெட்டி மடிப்பார்கள்.

முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னாள்.

"வீட்டு லோனுக்கு பேங்க்ல எம்ப்ளாய்மெண்ட் லெட்டர் கேக்கறாங்கன்னீங்களே," என்று சிரித்தார் வெங்கடகிருஷ்ணன். "சம்பளம் எவ்வளவுன்னு போடட்டும்?"

வாங்காத சம்பளம் லெட்டரில் ஏறியது. வீடு கைக்கு வந்தது.

பெட்டி மடிப்பவர்களில் மூத்தவளான மரகதம் ஒருநாள் அலுவலக ஜன்னலுக்கு வந்தாள். வீங்கிய கால்களை மாற்றி மாற்றி ஊன்றியபடி கேட்டாள். "அஞ்சுக்கே போயிட்டேன்னு போட்டிருக்கியேம்மா. அப்ப ஒம்பது வரைக்கும் நான் எங்க இருந்தேன்?"

"எல்லாம் கம்ப்யூட்டர்ல வர்றது ஆன்ட்டி. எனக்குத் தெரியாது."

நவம்பரில், ஒன்பதுக்குச் சில நிமிடம் இருக்கும்போது, மரகதம் மேஜையோரமாகச் சரிந்தாள். எழவில்லை. இன்ஷூரன்ஸ்காரர்கள் அட்டையைப் பார்த்தார்கள். ஐந்துக்கே போய்விட்டவள் வேலையில் எப்படிச் செத்திருக்க முடியும்? குடும்பத்துக்கு ஒரு சென்ட்கூட வரவில்லை.

வாசனை வந்த மறுநாள் வீட்டில் சத்தம் கேட்டது. அட்டை மடியும் சத்தம். சர்ரக். சர்ரக். சமையலறைக்குள் எட்டிப் பார்த்தால் யாருமில்லை.

படுக்கும்போது கௌசிகா கேட்டாள். "அம்மா, வை டஸன்ட் தட் ஆன்ட்டி எவர் சிட் டவுன்?"

நாகலக்ஷ்மி விளக்கை அணைக்கவே இல்லை.

விடிந்ததும் நேராக வெங்கடகிருஷ்ணன் முன்னால் போய் நின்றாள். "சார், மரகதம் ஆன்ட்டி கார்டை ஒம்பதுன்னு திருத்திடலாம் சார்."

அவர் தலை நிமிரவில்லை. "தாராளமா. அப்படியே பேங்க்குக்குக் குடுத்த உங்க லெட்டரையும் திருத்திடலாமா?"

நாகலக்ஷ்மி தன் இடத்துக்குத் திரும்பினாள். அன்று மாலை ஐந்து மணிக்கு, மிச்சமிருந்த பதினொரு அட்டைகளையும் ஒவ்வொன்றாகச் செருகினாள். டக். டக். டக்.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. ரூட் ஒன் நெடுஞ்சாலையில் எங்கோ முன்னால் ட்ரக் ஒன்று குறுக்காகக் கவிழ்ந்து, கார்கள் சிவப்பு விளக்குகளோடு உறைந்து நின்றன. வைப்பர் தள்ளத் தள்ளக் கண்ணாடி மறுபடி வெளுத்தது. மணி ஆறு. ஹார்ன் அடித்தாள். ஏழு. முன்னால் யாரும் அசையவில்லை. எட்டு. குழந்தை தனியாக இருக்கிறாள் என்று வாய்விட்டுச் சொன்னாள். தனியாக இல்லை என்பதுதான் அவளை நடுங்க வைத்தது.

வீட்டை அடைந்தபோது எட்டு ஐம்பத்தைந்து.

டிவி ஓடிக்கொண்டிருந்தது. எதிரே யாருமில்லை.

"கௌசி?"

சர்ரக்.

"கௌசிம்மா?"

சர்ரக். சர்ரக்.

சமையலறையில் விளக்கில்லை. தெருவிளக்கின் பனிவெளிச்சம் மட்டும். வேலைக்குப் போடும் நீலக் கோட்டும் முடியை மூடும் வலைத்தொப்பியுமாக மரகதம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கால்களை நீட்டி, கைகளை மடியில் போட்டுக்கொண்டு. கண் மூடியிருந்தது.

தொட்டிக்கு முன்னால் கௌசிகா நின்றாள். திரும்பவில்லை. கைகள் மட்டும் வெற்றுக் காற்றை மடித்து, தள்ளி, மறுபடி மடித்தன. கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில். கிழவியின் கணுக்கால்களைப்போல அவளுடைய சின்னக் கணுக்கால்கள் வீங்கிப்போயிருந்தன. காலுறையின் விளிம்பு தோலுக்குள் புதைந்திருந்தது.

மெல்ல, மிக மெல்ல, கௌசிகா பக்கவாட்டில் சரியத் தொடங்கினாள்.