தொட்டிக்குள் இருபதாவது ஆள்

"ஐயோ... ஆளு! உள்ள ஆளு!"

காலை ஒன்பதேகால்.

போசன் போட்ட அலறலில் கிரேன் மேல் உட்கார்ந்திருந்த பறவைகள் எல்லாம் கிளம்பிவிட்டன. போசன் என்றால் கப்பலில் டெக் ஆட்களின் மேஸ்திரி. இருபது வருட அனுபவம். சுலபத்தில் கத்துகிறவர் அல்ல.

செகண்ட் இன்ஜினியர் படிகளைத் தாவி ஓடினான்.

கழிவு எண்ணெய்த் தொட்டியின் மூடி திறந்து கிடந்தது. நேற்று மாலை சுத்தம் செய்வதற்காகத் திறந்தது. சுற்றிக் கயிறு கட்டவில்லை. எச்சரிக்கைப் பலகை இல்லை. காவலும் இல்லை.

டார்ச் அடித்தான்.

ஆறு ஆள் ஆழம். அடியில்... ஓர் ஆரஞ்சு அங்கி குப்புறக் கிடந்தது. கையும் காலும் கோணல்மாணலாக!

"யாருய்யா அது?"

"மூஞ்சி தெரியல செகண்ட் சார்!"

"ஏய்! காது கேக்குதா?"

எதிரொலி மட்டும் வந்தது.

"என்ன மாப்ளே, காலங்காத்தால கூட்டம்?"

கேப்டன். செகண்டின் மனைவிக்கு அண்ணன். கப்பலில் கேப்டன், வீட்டில் மச்சான். இரண்டு இடத்திலும் அதிகாரம் அவருடையதுதான்.

"உள்ள ஆளு விழுந்து கிடக்கான் மச்சான்!"

எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்தது. அடுத்த நொடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பத்து மணிக்கு அந்தம்மா வருது!"

அந்தம்மா, துறைமுகப் பாதுகாப்பு ஆய்வாளர். அவர் கையெழுத்துப் போடாவிட்டால் கப்பல் நகராது.

"மொதல்ல நம்ம ஆளுங்கள எண்ணு!"

எண்ணினார்கள். சமையல்காரர் கரண்டியோடு வந்து நின்றார்.

பத்தொன்பது பேர்.

கப்பலில் மொத்தமே பத்தொன்பது பேர்தான்!

அப்படியானால்... உள்ளே கிடப்பது யார்?

கேப்டன் மூச்சு விட்டார். "அப்பாடா. நம்ம ஆளு இல்ல."

"அதுக்காக?"

"நம்ம ஆளு இல்லைன்னா நம்ம தலைவலியும் இல்ல. ரூமுக்கு வா."

"உயிர் இருந்தா மச்சான்?"

"இருந்தா கத்தியிருப்பான்ல?"

"காத்தே இல்லாத தொட்டியில எவன் கத்துவான்?"

கேப்டன் அவன் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார். அறைக் கதவைச் சாத்தினார். இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார்.

தொட்டிக்குள் இறங்க அனுமதிச் சீட்டு.

அந்தக் கப்பலில் வேலை பிறகுதான். முதலில் படிவம். பல நாள் படிவம் மட்டுமே.

"வெளி ஆளு ஒருத்தன், கிளீனிங்குக்கு..." எழுதிக்கொண்டே சொன்னார். "எட்டு மணிக்கு எறங்கினான். காத்து சோதனை... எட்டுக்கு சரி, எட்டேகாலுக்கு சரி, எட்டரைக்கும் சரி. ஒன்பது பத்துக்கு நல்லபடியா ஏறி வந்துட்டான். கையெழுத்துப் போடு."

"ஏறி வந்துட்டானா? கீழ கிடக்கறானே!"

"அப்புறமா அவனாவே திரும்ப எறங்கி விழுந்தா நாம என்ன பண்றது? சாயங்காலம் கிளம்பறோம். நடுக்கடல்ல வழக்கம்போல ஹோஸைப் போட்டு தொட்டியக் கழுவி விட்டுடலாம்."

வழக்கம்போல!

சுத்திகரிக்கும் இயந்திரத்தைத் தொடாமலே, கறுப்பு எண்ணெய் நேராகக் கடலுக்கு. மூன்று பயணமாக அவன் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்த விஷயம்.

"ஆளையுமா?"

"ஆளு ஹோஸ்ல போகாது. அத நான் பாத்துக்கறேன்." பேனாவை நீட்டினார். "போடலைன்னா உன் வேலை இன்னியோட சரி. வேற எந்தக் கப்பல்லயும் ஏற முடியாதபடி எழுதி அனுப்புவேன்."

பேனாவை வாங்கினான்.

பார்த்தான்.

மேஜை மேல் வைத்தான்.

"நீங்களே போட்டுக்கங்க மச்சான். என் கை அழுக்கு."

ஓடினான்.

போசன் அங்கேயே நின்றிருந்தார். செகண்ட், காற்றைச் சோதிக்கும் வாயுமானியைக் கயிற்றில் கட்டித் தொட்டிக்குள் இறக்கினான்.

கீ... கீ... கீ!

மூச்சுவிடப் போதுமான காற்று உள்ளே இல்லை. அப்படியே இறங்கினால் பாதி ஏணியில் இன்னொரு பிணம்.

முகமூடி மாட்டினான். முதுகில் காற்று சிலிண்டர். இடுப்பில் கயிறு.

"ரெண்டு தடவை இழுத்தா தூக்குங்க!"

"செகண்ட் சார்... வேலை போயிடும் போல இருக்கே?"

"போனா வேற வேலை. கயிற மட்டும் விடாதீங்க!"

இறங்கினான். கணுக்கால் வரை கசடு. வழுக்கியது. தோளைப் பற்றிப் புரட்டினான். டார்ச் வெளிச்சம் முகத்தில் விழுந்தது.

முகமே இல்லை!

அதையும் கயிற்றில் கட்டி இரண்டு தடவை இழுத்தான். மேலே வந்ததும் அங்கியின் ஓரம் கிழிந்தது. கொட்டியது... மணல்!

"இருபத்திரண்டு நிமிஷம்."

வெள்ளை ஹெல்மெட்டுடன் ஓர் அம்மாள். கையில் ஸ்டாப்வாட்ச். ஆய்வாளர்!

"தாமதம்தான். ஆனா மீட்டர், மாஸ்க், மேல கயிறு பிடிக்க ஆளு... எறங்கின முறை சரி."

"இது... பொம்மையா மேடம்?"

"மீட்புப் பயிற்சிக்கு. எட்டே முக்காலுக்கு நானும் போசனும் எறக்கினோம். உங்க கம்பெனிக்குத் தெரியும். கேப்டனுக்குத்தான் சொல்லல."

செகண்ட் முறைத்தான். போசன் தலையைச் சொறிந்தார்.

"மாஸ்க் இல்லாம எறங்கப் பாத்தா சட்டையப் பிடிச்சு இழுத்துடுன்னு அம்மா சொல்லியிருந்தாங்க சார். நானும் தயாராத்தான் இருந்தேன்!"

அப்போதுதான் கேப்டன் ஃபைலோடு ஓடி வந்தார்.

"வாங்க மேடம், வாங்க! எல்லாம் பக்கா. இந்தாங்க பர்மிட்."

ஆய்வாளர் நிதானமாகப் படித்தார்.

"எட்டு மணிக்கு எறங்கினாரு. மூணு தடவை காத்து சோதனை. ஒன்பது பத்துக்கு அவராவே ஏறி வந்துட்டாரு. கையெழுத்து, கேப்டன்." சற்று விலகி நின்றார். "இவருதானே?"

கேப்டன் கீழே பார்த்தார். மணல் இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது.

"கப்பல் நிக்கட்டும்," என்றார் ஆய்வாளர்.

"இன்னொண்ணு மேடம்," என்றான் செகண்ட். "பெயிண்ட் டிரம்முக்குப் பின்னாடி ஒரு ஹோஸ் இருக்கு. கழிவு எண்ணெயெல்லாம் அது வழியாத்தான் கடலுக்குப் போகுது. மூணு பயணமா எனக்கும் தெரியும். அதையும் சேர்த்து எழுதிக்கங்க."

"எழுதறேன்." அவர் சிரிக்கவில்லை.

கேப்டன் பல்லைக் கடித்துக்கொண்டு அவன் காதருகே வந்தார்.

"பாவி! வேலை போயி ரெண்டு பேரும் மூட்டையோட வீட்டுல போய் நின்னா என் தங்கச்சி ஏன்னு கேப்பாளேடா! என்னத்தச் சொல்லுவேன்?"

"நீங்களா மச்சான் கவலைப்படறீங்க? அதுக்கும் நேத்தே ஒரு ஃபாரம் ரொப்பி வெச்சிருப்பீங்களே!"