டீச்சருக்கு விழுந்த ஒற்றை ஓட்டு

"வீ...ல்!"

அந்த அலறலில் ஏழாவது மாடியின் ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின.

காலை பதினொன்றரை மணி. அடுக்குமாடிச் சங்கத்தின் தலைவர் தேர்தல் முடிவு அப்போதுதான் வெளியாகியிருந்தது.

மொத்தம் நாற்பது ஓட்டு.

ஜிம் மாஸ்டர்... இருபத்தெட்டு!

பல் டாக்டர்... பதினொன்று.

டீச்சர்... ஒன்று!

அலறியது சாட்சாத் டீச்சரேதான். மூன்று மாதம் மாடி மாடியாக ஏறி இறங்கி ஓட்டுக் கேட்டவள். இனி எந்த முகத்தோடு லிஃப்டில் நிற்பாள்?

"அண்ணா! என் முதுகுல குத்தினது யாருன்னு இப்பவே தெரிஞ்சாகணும்!"

ரிடையர்டு இன்ஸ்பெக்டரான அண்ணன் மூன்றாவது மாடியிலிருந்து ஓடி வந்தார். சமையலறைக் கதவைச் சாத்தினார். டீச்சரின் கணவரை ஸ்டூலில் உட்கார வைத்தார்.

கணவர், புள்ளியியல் ஆபீசர். சட்டை வியர்வையில் தெப்பலாய் நனைந்திருந்தது.

"மாப்ளே... நீங்க யாருக்குப் போட்டீங்க?"

"ஜி... ஜிம் மாஸ்டருக்கு."

டீச்சரின் கையிலிருந்த கரண்டி நழுவியது.

"கட்டின பொண்டாட்டி நிக்கறேன்... அந்தத் தண்டால் பார்ட்டிக்குப் போட்டீங்களா?"

"உன்னை ஜெயிக்க வைக்கத்தாம்மா!"

அவசரமாய் லேப்டாப்பைத் திறந்தார். திரை முழுக்கக் கட்டம் கட்டமாய் எண்கள்!

"நாப்பது பேர் மனசும் இந்த ஷீட்ல இருக்கு. சீட்டுல ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வரிசை போடறோம் இல்லே? யாருக்கும் பாதிக்கு மேல வரலைன்னா கடைசி ஆள் அவுட். அவரோட சீட்டெல்லாம், அதுல ரெண்டாவதா யாரைப் போட்டிருக்கோ அவங்களுக்குப் போயிடும்."

"தெரியும். மேல சொல்லுங்க!"

"உனக்குப் பதினேழு. டாக்டருக்குப் பன்னெண்டு. மாஸ்டருக்குப் பதினொண்ணு. மாஸ்டர் அவுட்! அவர் ஆளுங்க அத்தனை பேரும் ரெண்டாவதா டாக்டரைப் போடுவாங்க. டாக்டர் இருபத்திமூணு. நீ காலி!"

"ஐயையோ!"

"ஆனா நம்ம ஆளுங்க ரெண்டே ரெண்டு பேர் மாஸ்டருக்குப் போட்டா? மாஸ்டர் பதிமூணு. டாக்டர்தான் கடைசி... அவுட்! அவர் சீட்டு பன்னெண்டுலயும் ரெண்டாவது நீதான். நீ இருபத்தேழு!"

"ரெண்டு பேர்ல ஒருத்தர் நீங்க. இன்னொருத்தர்?"

கணவர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் குழாயைப் பார்த்தார்.

"அண்ணா... நீயுமா!"

"மாப்ளே இந்தக் கணக்கை ரகசியமா எனக்கு அனுப்பினார்ம்மா. எதுக்கும் இருக்கட்டுமேன்னு... நம்ம ஆளுங்க மீதி பதினாலு பேருக்கும் நான் அனுப்பினேன். தனித்தனியா! 'உங்களை மட்டும்தான் நம்பறேன், வெளியில மூச்சு விடாதீங்க'ன்னு!"

"பதினாலு பேருமா...?"

"தங்கமானவங்க. ஒருத்தர்கூட மூச்சு விடலை."

கணவர் தலையில் அடித்துக்கொண்டார். விரல்கள் எண்களைத் தட்டின.

சட்டென்று நின்றன.

"மச்சான்... ஒண்ணு இடிக்குது. நாம பதினாறு, அவர் ஆளுங்க பதினொண்ணு. இருபத்தேழுதானே வரணும்? இருபத்தெட்டு எப்படி?"



டீச்சர் புடவைத் தலைப்பைத் திருகினாள்.

"நீங்க குளிக்கப் போனப்ப... நானும் ஷீட்டைப் பார்த்தேன்."

"உனக்கு நீயே போட்டுக்கலையா!"

"ஜெயிக்கணுமே!"

"அப்போ அந்த ஒரு ஓட்டு...?"

டிங்... டாங்!

இன்ஸ்பெக்டர் பாய்ந்து கதவைத் திறந்தார்.

வாசலில் பல் டாக்டர்! முகம் வாடியிருந்தது.

"டீச்சர்... மன்னிச்சிடுங்க. நான் ஒருத்தன் போட்டது பத்தாமப் போச்சு."

"நீங்களா! எனக்கா?"

"யோசிச்சுப் பார்த்தேன். என்னைவிட நீங்கதான் நல்லா செய்வீங்கன்னு தோணுச்சு. ஒண்ணுன்னு உங்களுக்கே போட்டுட்டேன்."

டீச்சர் டாக்டரை உள்ளே உட்கார வைத்தாள். பிறகு நிதானமாய்க் கணவர் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க... அடுத்த தேர்தல்ல நீங்க என்னை எதிர்த்து நில்லுங்க. அப்பவாவது உங்க ஓட்டு எனக்கு விழும்!"