உரிமையூட்டி

கோவில்பட்டியில் பொன்ராணியின் மளிகைக் கடைக்கு வருபவர்கள் கருவேப்பிலை கொசுறு கேட்பதை நிறுத்தி ஏழு மாதம் ஆகிவிட்டது. அவளாக ஒரு கொத்தை எடுத்துப் பையில் போட்டாலும் திருப்பி வைத்துவிடுகிறார்கள்.

“இப்படி அள்ளி அள்ளிக் கொடுத்தா கடை எப்படிக் கட்டுபடியாகும்?” என்று அவளையே அதட்டுகிறார்கள்.

எல்லாம் கல்லாவுக்கு மேலே பலகையில் உட்கார்ந்திருக்கும் உரிமையூட்டி என்ற கருவி செய்யும் வேலை. ஆள் தீப்பெட்டி அளவுதான்.

அது வருவதற்கு முன்னால் கடையில் ஷாம்பு, பற்பசை, முந்திரிப் பொட்டலம் என்று தினமும் ஏதாவது காணாமல் போய்க்கொண்டிருந்தது. பெரிய கடைக்காரர்கள் வாசலில் திருட்டுச் சாமானைக் கண்டால் கூவும் கதவும் கூரையெங்கும் கேமராவும் வைத்துச் சமாளித்தார்கள். பொன்ராணிக்கு அந்த வசதி ஏது? இன்னும் ஒரு வருடம் இப்படியே போனால் கதவை இழுத்து மூட வேண்டியதுதான். தனி ஆளாகப் பதினெட்டு வருடம் நடத்திய கடை அது. அவளுக்கென்று உலகத்தில் இருந்ததும் அது ஒன்றுதான்.

அப்போதுதான் எட்வின் என்ற விற்பனையாளன் பெட்டியோடு வந்தான்.

“திருடனப் பிடிக்கிற மெஷின் இல்லக்கா இது. சொந்த வீட்டுல யாராவது திருடுவாங்களா, சொல்லுங்க?”

நம் வீட்டு வாசம் நமக்குத் தெரிவதில்லை, அடுத்த வீட்டு வாசம் நுழைந்ததுமே தெரிகிறது. ‘இது என்னுடையது’ என்று மூளை முடிவு கட்டுவதில் மூக்குக்கும் பங்கு உண்டு என்றான் எட்வின். அந்த நினைப்பைக் கிளப்பிவிடும் ஆவி ஒன்றைப் பெட்டி சத்தமில்லாமல் விட்டுக்கொண்டிருக்குமாம். உள்ளே வருகிற எவருக்கும் இது தன் கடை என்றே தோன்றுமாம். விலையும் ஒரு மேசை மின்விசிறி விலைதான்.

பொன்ராணி அரை மனதாகத்தான் வாங்கினாள். மாட்டிய முதல் வாரத்திலேயே திருட்டு நின்றுபோனது. அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. வெங்காயம் வாங்க வந்தவர்கள் அழுகலைப் பொறுக்கி வெளியே போட்டார்கள். ஓய்வுபெற்ற தங்கபுஷ்பம் டீச்சர் காலையில் வந்ததும் கல்லாவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, துணியை எடுத்துக் கண்ணாடி துடைக்க ஆரம்பித்தார். பொன்ராணிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வரும். சம்பளமில்லாமல் ஊரே வேலை செய்தால் யாருக்குத்தான் கசக்கும்?

ஐந்தாவது மாதம் ஒருநாள் அவள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போகலாமா என்று தயங்கி நின்றாள். தன் நாற்காலியில் உட்காரவே என்னவோ கூச்சமாக இருந்தது. நாளாக ஆக அந்தக் கூச்சம் கூடிக்கொண்டே போனது. டீச்சர் வந்துபோகும் அரை மணி நேரமும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பில் போட ஆரம்பித்தபோது, உரியவர் உட்கார்ந்துவிட்டார் என்று அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதியை நினைத்து வீட்டுக்குப் போய் அழுதாள்.

எட்வினுக்குப் போன் போட்டாள். அவளுக்கு நடப்பதையெல்லாம் கேட்டுவிட்டு அவன் சொன்னான்.

“வர்றவங்க பத்து நிமிஷந்தானக்கா நிக்கிறாங்க. நாங்க அதுக்குத்தான் சோதிச்சுப் பாத்தோம். நீங்க பன்னெண்டு மணி நேரம் உள்ளயே கெடக்குறீங்க. ‘என்னுது, என்னுது’ன்னு கேட்டுக் கேட்டு மூளைக்குச் சலிச்சுப்போய், இப்ப ‘என்னுது இல்ல’ன்னு திருப்பிக்கிச்சு. கடைக்காரங்கள வச்சு யாருமே சோதிக்கலக்கா. ஒரு மாசம் அணைச்சு வைங்க, எல்லாம் திரும்பிரும்.”

நாலு சாமான் திருட்டுப் போனாலும் போகட்டும், கடை தனக்குத் திரும்பினால் போதும் என்று முடிவு செய்தாள். மறுநாள் மதியம், கூட்டம் குறைந்த நேரம் பார்த்துப் பலகையருகே போனாள். பொத்தானை ஒரு முறை அழுத்தினால் போதும். கை பாதி வழியிலேயே நின்றது. அடுத்தவர் கடைச் சாமானில் எப்படிக் கைவைப்பது? இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டியபோது யாரோ மணிக்கட்டைப் பிடித்தார்கள்.

“என்ன பொன்ராணி இது?” தங்கபுஷ்பம் டீச்சர் கேட்டார். சத்தம் கேட்டு அரிசி அளந்துகொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். “உன்ன நம்பித்தான கடைக்குள்ள விட்டுருக்கோம்?”

பொன்ராணிக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் கூசியது. இது என் கடை என்று சொல்ல வாயெடுத்தாள். அந்த வார்த்தை அவளுக்கே பொய்யாகத் தோன்றியது.

“மன்னிச்சிருங்க டீச்சர். தெரியாமச் செஞ்சுட்டேன்.”

“சரி, போ. எல்லாரும் பாக்காக.”

வாசல்வரை போனவள் திரும்பி நின்று, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“நாளைக்கு வரலாமா டீச்சர்?”

டீச்சர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வரலாம் என்று தலையாட்டினார். பொன்ராணிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.