தரையில் கிடந்த பார்வை

அக்காவை ஆஸ்பத்திரி வார்டுக்குக் கூட்டிப்போன காலையில் நல்ல வெயில். பயப்படுவதற்கு ஏற்ற நாளே இல்லை. லிஃப்டில் ஒருவர் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு ஏறினார், இன்னொருவர் செல்போனில் சண்டை போட்டுக்கொண்டே வந்தார். அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "பாப்பா மூக்கு யாரு மாதிரிடி? அவங்கப்பன் மூக்குன்னா இப்பவே சொல்லிடு, திரும்பிப் போயிடலாம்" என்றாள். லிஃப்டே சிரித்தது.

பாப்பாவுக்கு ஆறு வயது. அக்கா அவள் முகத்தைப் பார்த்ததில்லை. பாப்பா வயிற்றில் இருந்தபோது, அக்கா வேலை பார்த்த தொழிற்சாலையில் குழாய் வெடித்து அமிலம் அவள் இரண்டு கண்ணையும் தின்றுவிட்டது. அந்த வேலையைச் செய்துதான் என்னைக் கல்லூரிக்கு அனுப்பினாள். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். ஒரு குடும்பம் மேலே வர எதையெல்லாம் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று யோசித்தால் எனக்கு எரியும்.

நான் அதே வார்டில் டெக்னீஷியன். கண் போனவர்களின் மூளையின் பின்பக்கத்தில் நகத்தளவு சிப் ஒன்றைப் பதிப்பார்கள். மூக்குக்கண்ணாடியில் இருக்கும் கேமரா பார்ப்பதை அது மூளைக்குள் ஒளிப்புள்ளிகளாகத் தட்டும். சிப்பின் எந்த முனையில் மின்சாரம் கொடுத்தால் எந்த இடத்தில் புள்ளி தெரிகிறது என்று நோயாளியைக் கேட்டுக் கேட்டுக் குறிப்பது என் வேலை. நடுவில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, சொல்லாமலே கேட்போம்: "இப்போ என்ன தெரியுது?" இதற்கு எங்களுக்குள் 'சும்மா டெஸ்ட்' என்று பெயர். ஏங்கிக் கிடப்பவர்கள் வெறும் இருட்டிலும் ஏதாவது பார்ப்பார்கள். நிலா என்பார்கள், மகன் என்பார்கள். ஆசைப் பொய் என்று தள்ளிவிட்டு அடுத்த முனைக்குப் போவோம்.

அறுவை சிகிச்சை முடிந்து, அக்காவை நானே டெஸ்டுக்கு உட்கார வைத்தேன். பிடரித் தையலிலிருந்து மஞ்சளாக ஏதோ கசிந்து தலையணை உறையில் பொருக்கு தட்டியிருந்தது. அதில் ஓர் இனிப்பு வாடை. அழுகத் தொடங்கிய பழத்தின் வாடை.

"மேல, இடது பக்கம் ஒரு பொட்டு" என்றாள். "ஐயோ, மின்னுதுடி!"

அடுத்த முனை. அடுத்த பொட்டு. குழந்தை மாதிரி கை தட்டினாள்.

மின்சாரத்தை நிறுத்தினேன். "இப்போ?"

"கட்டில் கால்."

"என்னக்கா?"

"கட்டில் கால்டி. துருப்புடிச்சது. அடியில ஒத்தச் செருப்பு கெடக்கு. எல்லாம் பக்கவாட்டுல தெரியுது, நான் தரையில படுத்திருக்கிற மாதிரி."

புள்ளிகளால் துருவைக் காட்ட முடியாது. ஒரு முகத்தையே எங்கள் சிப் சல்லடைப் பொத்தல்களாகத்தான் காட்டும்.

"எறும்பு வருது" என்றாள்.

"எங்க?"

"கிட்ட. ரொம்பக் கிட்ட." குரல் தேய்ந்தது. "கண்ணு மேல ஏறுதுடி. என்னால மூட முடியல."

கம்பியைக் கழற்றினேன். பெட்டியையே அணைத்தேன்.

"உள்ள போகுது" என்றாள்.

டாக்டரிடம் ஓடினேன். "ஆசைப் பொய்" என்றார், தலையை நிமிர்த்தாமல்.

"இதுக்கு யாரு சார் ஆசைப்படுவா?"

அவர் கண் ஒரு கணம் கருவி கழுவும் அறைப் பக்கம் போனது. எனக்கு அது போதும்.

கருவி கழுவுகிறவரை நாங்கள் 'சலவை' என்போம். தொட்டி ஓரத்திலேயே சோற்றைப் பிரித்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் தேய்ந்த பல் பிரஷ் ஒன்று, முள்ளெல்லாம் பழுப்பேறி.

"உங்க அக்கா சிப்பா? நான்தாம்மா தேய்ச்சேன்" என்றார் பெருமையாக. "லாரி டிரைவரா இருந்து கண்ணு போன ஒருத்தர் தலையில இருந்தது. தனியாளு. ரூம்ல செத்துக் கெடந்து, நாத்தம் வந்தப்புறம்தான் கதவ ஒடைச்சாங்க. கண்ணாடி மூஞ்சியிலயே இருந்துச்சாம். பேட்டரி தீரவே இல்லையாம், பாத்துக்க."

"கட்டில்லயா செத்தாரு?"

"கட்டிலுக்குப் பக்கத்துல, தரையில." விரலைச் சப்பினார். "சிப்போட கொஞ்சம் ஒட்டிக்கிட்டு வந்துச்சு. பசையாட்டம். எவ்வளவு தேய்ச்சும் ஒரு மூலையில மட்டும் விடல."

"அப்படியே குடுத்துட்டீங்களா?"

"உள்ள போறதுதானேம்மா. யாரு பாக்கப்போறா?"

அந்தத் தொட்டியிலேயே வாந்தி எடுத்தேன். அவர் சாப்பாட்டைச் சற்றுத் தள்ளி வைத்துக்கொண்டார்.

திரும்பிப் போய்க் கேட்டதும் டாக்டர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "கிருமி நீக்கித்தான் வெச்சோம். புதுசு இப்போதைக்குக் கெடைக்காது. இத எடுத்தா உங்க அக்காவுக்கு வேற வைக்கவும் முடியாது, தழும்பு கட்டிடும். நீ படிச்ச பொண்ணு. பேய்க்கதை பேசாத."

"படிச்சதாலதான் சார் கேக்குறேன். உங்க அக்கா மண்டையில இத வைப்பீங்களா?"

அவர் கை கழுவப் போனார்.

அக்காவிடம் எதையும் மறைக்கவில்லை. கேட்டு முடித்துப் பிடரியைச் சொறிந்தாள், விரலை முகர்ந்தாள், முகத்தைச் சுளித்தாள். பிறகு, "பாப்பாவ ஒரு தடவ பாத்துக்குறேன். அப்புறம் என்ன வேணா பண்ணு" என்றாள்.

மறுநாள் பாப்பாவை அழைத்து வந்தேன். புது ரிப்பன், பவுடர் முகம். அக்கா எதிரே நிறுத்திக் கண்ணாடியை மாட்டிவிட்டு, சிப்பை இயக்கினேன்.

அக்காவின் முகம் மெல்ல மலர்ந்தது. "என் தங்கம்... என் மூக்குதான்டி இவளுக்கு."

பாப்பா சிரித்தாள்.

அக்காவின் சிரிப்பு நின்றது.

"வாய மூடு" என்று கிசுகிசுத்தாள்.

"ஏம்மா?"

"வாய மூடுடி! உள்ள போகுது!"

நான் எட்டுவதற்குள் இரண்டு விரலைக் குழந்தையின் வாய்க்குள் விட்டுத் தோண்ட ஆரம்பித்துவிட்டாள். பாப்பா ஓங்கரித்தாள். எச்சிலும் ரத்தமும் அக்காவின் மணிக்கட்டில் வழிந்தன. கண்ணாடியைப் பிடுங்கி வீசினேன். விரல்கள் நிற்கவில்லை. மணிக்கட்டைத் திருகித்தான் வெளியே இழுத்தேன்.

அக்கா விரல்களை முந்தானையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"எடுத்துடு" என்றாள். "எனக்கு இருட்டே போதும்."

டாக்டர் முடியாது என்றார். அவர் அறை வாசலில் நின்று, காத்திருந்த நோயாளிகள் எல்லோருக்கும் கேட்கும்படி, பல் பிரஷ் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே, எடுத்துவிட முடியும் என்றார்.

எடுத்த சிப்பைச் சலவையிடம் கொடுக்கவில்லை. தட்டிலேயே வைத்து, நானே சுத்தியலால் நொறுக்கினேன். துடைத்து வைத்த காய்ந்த உலோகம். ஆனால் நொறுங்கியபோது ஈரம் தெறித்தது. என் உதட்டில் ஒரு சொட்டு பட்டது. இனிப்பாக இருந்தது. அன்று எத்தனை முறை வாய் கொப்பளித்தேன் என்று தெரியாது.

அக்கா வீட்டுக்கு வந்தாள். தையல் காய்ந்தது. கிண்டல் பேச்சும் திரும்பியது. "ஒரு நிமிஷம் பாத்தாச்சு, ஜென்மத்துக்குப் போதும்" என்பாள். பாப்பா முதலில் பயந்தாள், பிறகு பழையபடி அவள் மடியில் ஏறிக்கொண்டாள். நான் அந்த வேலையை விட்டேன்.

நேற்று காலை பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. பாப்பா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள், நான் பின்னல் போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா எங்களுக்கு முதுகைக் காட்டி ஜன்னலோரம் நின்றிருந்தாள்.

"பாப்பா தெரியுறாடி" என்றாள்.

பாவம், ஏக்கம் என்று நினைத்தேன். "எப்படி இருக்கா?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"இடது குதிகால்ல ஒரு மச்சம். கட்டைவிரல் நகம் பேந்திருக்கு."

குனிந்து பார்த்தேன். மச்சம் இருந்தது. நகம் பெயர்ந்திருந்தது.

சீப்பு என் கையிலிருந்து நழுவியது.

"முகம்?" என்றேன்.

"முகம் தெரியல. தரையிலருந்து பாக்குறேன், கட்டில் மறைக்குது." அக்கா திரும்பவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு மெல்லச் சொன்னாள்: "கால மேல தூக்கச் சொல்லு. சீக்கிரம். அந்தாளு பக்கத்துல வந்துட்டான்."

பாப்பா சட்டென்று காலை இழுத்துக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்தாள்.

"கூசுது சித்தி. ஈரமா இருக்கு."