வேல்விழி செய்யாத புகார்

மகள் யாழினியைப் பள்ளியில் விட்டுவிட்டு மண்ணரையில் இருந்த தன் வாடகை வீட்டுக்குத் திரும்பிய வேல்விழி, மாடிப்படியருகே திகைத்து நின்றாள். அவளுடைய கேஸ் அடுப்பு, அரிசி டப்பா, பாய், தலையணை எல்லாம் தெருவோரம் கிடந்தன. மேலே ஓடிப்போய்ப் பார்த்தால், கதவில் புதுப் பூட்டு.

வீட்டுக்காரர் ஈஸ்வரமூர்த்தி படியேறி வந்தார். கட்டடம் முழுக்க அவருடையது. கீழே பனியன்களில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் செக்கிங் யூனிட், முதல் மாடியில் அவர் குடும்பம், இரண்டாம் மாடியில் வாடகைக்கு விட்ட இரண்டு அறைகள்.

"என் கட்டடத்து மேலயே கார்ப்பரேஷனுக்குப் புகார் சொல்றவங்களுக்கு இங்க இடமில்லீங்க," என்று ஒரு கடிதத்தை நீட்டினார். 'வேல்விழி அவர்களுக்கு, தங்கள் தொலைபேசிப் புகார் பெறப்பட்டது' என்றிருந்தது. சனிக்கிழமை தபால்காரர் அவரிடம் கொடுத்ததை அவரே பிரித்திருந்தார்.

"நான் போனே பண்ணலியே அண்ணாச்சி! என்ன புகாரு? எதுக்கு என் வீட்டப் பூட்டுனிய? எனக்கு ஒண்ணும் வெளங்கலியே!"

காலை பத்து மணி. புகாரில் சொன்ன இடத்தைப் பார்வையிட மாநகராட்சி உதவிப் பொறியாளர் சித்ரகலா ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். தெருவில் கிடந்த சாமான்களைப் பார்த்தாள். நடந்ததைக் கேட்டாள். அலுவலக ஊழியர் போனில் கேட்டு அப்படியே எழுதியிருந்ததை எல்லோர் முன்னாலும் படித்தாள்.

"எங்க ஊட்டுல வராண்டா ஸ்லாப் இடியற மாதிரி இருக்குதுங்க. துணி தொவைக்க நின்னா சிமெண்ட் தலைமேல கொட்டுதுங்க. கம்பியெல்லாம் தெரியுதுங்க. சீக்கிரம் வாங்க."

இரண்டாம் மாடி வராண்டாவில் நடந்து பார்த்தாள். கீழே புது டைல்ஸ், மேலே தகரக் கூரை. விரிசல் எதுவும் கண்ணில் படவில்லை. அறைகளின் கூரையும் நன்றாகவே இருந்தது.

"பாத்தீங்களா மேடம்? பொய்ப் புகாருங்க," என்றார் ஈஸ்வரமூர்த்தி.

சித்ரகலாவுக்குக் குழப்பமாக இருந்தது. புகார் கொடுத்தவள் கொடுக்கவில்லை என்கிறாள். இடியப் போகிறது என்ற இடம் உறுதியாக நிற்கிறது. ஆனால் பேசியவள் தினமும் பார்ப்பது போலச் சொல்லியிருக்கிறாள். அழைப்பு வந்தது போன வெள்ளிக்கிழமை, செக்கிங் யூனிட்டின் மேஜைப் போனிலிருந்து. அதை யூனிட் பெண்களும் எடுப்பார்கள், குடியிருப்பவர்களும் எடுப்பார்கள்.

பக்கத்து அறைக்காரன் பாண்டித்துரையைக் கூப்பிட்டாள்.

"உங்களுக்கும் வேல்விழிக்கும் சண்டையாமே?"

"தண்ணி மோட்டாருக்காகப் பேசிக்கிட்டதுதான் மேடம்."

"போன்ல பேசினது பெண் குரல். உங்க சம்சாரம் எங்க?"

"கமுதியில. பிரசவத்துக்குப் போயி ரெண்டு மாசமாச்சு."

யூனிட் பெண்களிடமும் கேட்டாள். அவர்கள் எல்லோரும் வேறு தெருக்காரர்கள், வேலை முடிந்ததும் போய்விடுவார்கள்.

சித்ரகலா காகிதத்தை மறுபடி பார்த்தாள்.

"வேல்விழி, நீங்க துணி எங்க தொவைப்பீங்க?"

"தெருக் குழாயிலதான் அக்கா. மேல வீட்டுக்குத் தண்ணி ஏறாதுல்லா."

"ஈஸ்வரமூர்த்தி ஐயா, இந்த வராண்டாவுக்கு நேர் கீழ என்ன இருக்கு?"

"எங்க ஊட்டுப் பின்பக்கம். அங்க ஒண்ணுமில்லீங்க."

எல்லோரும் இறங்கிப் போனார்கள். அங்கே துவைக்கும் கல்லருகே அவருடைய மருமகள் நித்யஸ்ரீ துணி பிழிந்துகொண்டிருந்தாள். தலைக்கு மேலே வெள்ளை வெளேரென்று புது பிளாஸ்டிக் சீலிங்.

"இது எப்பப் போட்டது?"

"ஞாயித்துக்கிழமைங்க. சும்மா, அழகுக்குங்க."

"துணி தொவைக்கற இடத்துக்கா?"

சித்ரகலா ஒட்டடைக் கம்பை எடுத்து ஒரு பலகையை மேலே தள்ளினாள். கை அகலத்துக்கு ஒரு சிமெண்ட் காரை விழுந்து கல்லில் பட்டுச் சிதறியது. மேலே துருவேறிய கம்பிகள் விலா எலும்புகள் போலத் தெரிந்தன. சற்றுமுன் அதன்மேல்தான் அவள் நடந்து பார்த்திருந்தாள்.

"மேல குடியிருக்கறவங்களுக்கு இந்த ஸ்லாப் காலுக்கடியில இருக்கு. அது எப்படி அவங்க தலைமேல கொட்டும்? கொட்டுதுன்னா, பேசினவங்க இதுக்குக் கீழ நின்னு தொவைக்கறவங்க. இன்னொண்ணு. வேல்விழி வெளியூர்க்காரங்க, அவங்க வாயில 'வீடு'தான் வருது. போன்ல வந்தது 'ஊடு'. நம்ம பக்கம் எல்லாரும் அப்படித்தான் பேசறோம், அதனால யாருக்கும் அது உறைக்கல." அவள் திரும்பினாள். "நித்யஸ்ரீ, பேசினது நீங்கதானே?"

வாளியைக் கீழே வைத்தாள் நித்யஸ்ரீ.

"நாந்தானுங்க. மாமாகிட்ட எத்தனையோ தடவ சொல்லிட்டனுங்க. பிளான்ல இல்லாம இழுத்துக் கட்டினது, வெளிய தெரிஞ்சா இடிக்கச் சொல்லுவாங்கன்னு விட்டுட்டாரு. யாழினி பாப்பா மேல ஓடறப்பெல்லாம் எனக்கு இங்க கொட்டுமுங்க. அந்தப் புள்ளையோட விழுந்துருமோன்னு பயமுங்க."

"அதுக்கு எம் பேரையா சொல்லுவிய?" என்றாள் வேல்விழி.

"என் பேரச் சொன்னா இந்த ஊட்டுல எப்படிக்கா இருக்கறது? உங்க பேருக்குக் கடுதாசி வரும்னு தெரியாதுங்க. காலைல சாமானத் தூக்கி வீசறப்பக்கூட நான் வாயத் திறக்கல. தப்புத்தானுங்க."

ஈஸ்வரமூர்த்தி விழுந்த காரையைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

சித்ரகலா அவரிடம், "புகார் சொன்னாங்கன்னு ஊட்டப் பூட்டினதுக்கு நீங்க போலீஸ்ல பதில் சொல்லணும். ஸ்லாப்ப இடிச்சுக் கட்டற வரைக்கும் மேல யாரும் போகக்கூடாது. அதுவரைக்கும் ரெண்டு குடும்பத்துக்கும் இடம் பாத்துக் கொடுக்கறது உங்க பொறுப்பு," என்றாள்.

நித்யஸ்ரீ தெருவுக்குப் போய் கேஸ் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தன் வீட்டு முன்னறைக் கதவைத் தோளால் தள்ளினாள்.

"ஏம்மா, அத எங்க கொண்டு போற?" என்றார் மாமனார்.

"என் பேருதான் வெளிய வந்துருச்சே மாமா. இனி எதுக்குப் பயப்படறது?"

அவளைத் திட்டுவதா, கையெடுத்துக் கும்பிடுவதா என்று வேல்விழிக்குப் புரியவில்லை. இரண்டையும் செய்யாமல், அரிசி டப்பாவைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் உள்ளே போனாள்.